டிசம்பர் 26: எண்ணூர்க் கரையிலிருந்து ஒரு வாசிப்பு

நாளேடுகளின் ‘வரலாற்றில் இன்று’ பகுதிக்கு டிசம்பர் 26 வளமான நாள். 1893இல் மாவோ பிறந்தார். 1899இல் உத்தம் சிங் பிறந்தார். 1925இல் திருவைகுண்டத்தில் தோழர் இரா. நல்லகண்ணு பிறந்தார். 1981இல் நடிகை சாவித்திரியும் 2024இல் மன்மோகன் சிங்கும் மறைந்தனர். 2004இன் ஆழிப்பேரலையும் தவறாமல் குறிப்பிடப்படும். ஆனால் 2023இல் அதே நாளின் நள்ளிரவில் எண்ணூரில் நிகழ்ந்த அம்மோனியா கசிவைப் பெரும்பாலான பட்டியல்களில் காண முடியாது. ஒரு நாளின் வரலாற்றில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை எந்த அளவுகோல் முடிவு செய்கிறது?

இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தன் தொடக்க நாளாகக் கொள்வதும் 1925 டிசம்பர் 26தான் (மார்க்சிஸ்ட் கட்சியினர் 1920இன் தாஷ்கண்ட் கூட்டத்தையே தொடக்கமாகக் கொள்வர்). அந்தக் கான்பூர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், சென்னை அயோத்தியாகுப்பத்து மீனவக் குடும்பத்தில் பிறந்த ம. சிங்காரவேலர். தலைமையுரையில் அவர் தீண்டாமையையும் பேசினார். அதை அடிப்படையில் பொருளாதாரச் சிக்கலாகவே அவர் கண்டார். பொருளாதார அடிமைத்தனம் நீங்கினால் தீண்டாமையும் மறையும் என்று நம்பினார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்புதான், 1921ஆம் ஆண்டுப் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில், சாதி இந்துத் தொழிலாளரும் ஆதிதிராவிடத் தொழிலாளரும் எதிரெதிராக நிறுத்தப்பட்டுப் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஒரே ஆலையில் ஒரே முதலாளியிடம் வேலை செய்தவர்களையும் சாதி பிரித்தே வைத்திருந்தது.

கான்பூர் மாநாட்டுக்கு 43 ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டனர். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடி ஏற்றியதும் நிலவுடைமையாளரின் கோபத்துக்குக் காரணங்கள். ஆயினும் நெருப்பு தேடிச் சென்றது சேரியைத்தான். கட்சியின் தொடக்க நாள் அவ்வாண்டு அந்தச் சாம்பலின்மீதுதான் விடிந்தது. நாட்காட்டியில் இவ்விரண்டும் அடுத்தடுத்த கட்டங்கள். சிங்காரவேலரின் நம்பிக்கையை இந்த இரண்டு நாள்களையும் சேர்த்து வைத்தே மதிப்பிட வேண்டும்.

கீழ்வெண்மணி அமைந்துள்ள இன்றைய நாகை மாவட்டமே 2004 டிசம்பர் 26 காலையில் தமிழகத்தில் மிகுதியான உயிர்களை இழந்தது. மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். நாகையில் மட்டும் 6,000க்கும் மேல். உடல்களை அகற்றப் பல நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தலித்துகள். ஆனால் தலித் குடும்பங்கள் முகாம்களில் ஒதுக்கப்பட்டதையும் நிவாரணத்தில் விடுபட்டதையும் உண்மையறியும் குழுக்கள் பதிவு செய்துள்ளன. பாகுபாட்டின் ஒரு பகுதி வெளிப்படையான வெறுப்பு. மற்றொரு பகுதி இன்னும் நுட்பமானது: இழப்பு என்பது படகாகவும் வலையாகவும் கணக்கிடப்பட்டது. படகில்லாக் கூலி, கருவாடு காயவைப்பவர், உப்பளத் தொழிலாளி, கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் இருளர் ஆகியோரின் பிழைப்பும் அன்று நின்றுபோனது. ஆனால் படிவத்தில் எழுதிக்காட்ட அவர்களிடம் உடைமை எதுவும் இல்லை.

வடசென்னையில் இழப்புக்குப் பின் வந்தது இடமாற்றம். கடலோரக் குடும்பங்கள் பல, தற்காலிகக் கொட்டகைகளில் காத்திருந்து, பின்னர் எர்ணாவூரின் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. ‘சுனாமி குடியிருப்பு’ என்பது இன்று அங்கே ஒரு முகவரி.

2004க்குப் பின் அரசு ஒன்றைச் செய்தது: 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது. கடலிலிருந்து வரும் ஆபத்தை அறிவிக்க இன்று ஏற்பாடு உண்டு. கரையிலுள்ள ஆலையிலிருந்து வரும் ஆபத்துக்கு?

2023 டிசம்பர் 26 இரவு, ஏறத்தாழ 11.45 மணிக்கு, கோரமண்டல் இண்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்களை எழுப்பியது மூச்சைத் திணறடித்த நெடி. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஆலை வாயிலருகே காற்றில் ஒரு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 400. கடல் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கவேண்டியது 49ஆக இருந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீட்டை வாரியம் பரிந்துரைத்தது.

பிணங்கள் விழவில்லை, ஆகவே பட்டியலில் இடமில்லை. கண் எரிச்சல், இருமல், பல நாள் கடலுக்குச் செல்ல முடியாமை, மீன் விற்காமை ஆகியவை எந்த நாட்காட்டியிலும் ஏறுவதில்லை. படகில்லாதவரின் இழப்பு 2004இல் படிவத்துக்கு வெளியே நின்றதுபோலவே இதுவும் நிற்கிறது. நள்ளிரவில் நச்சுக்காற்று பரவிய போபால் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது, ஆயிரக்கணக்கானோர் மாண்டதால்.

கசிவுக்கான காரணத்தை ஆராய்ந்த தொழில்நுட்பக் குழு, மிக்ஜாம் புயலில் குழாயைச் சூழ்ந்திருந்த பாறைகள் இடம்பெயர்ந்து அதைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று கருதியது. ஆழிப்பேரலையைப் போல இதுவும் இயற்கையின் கணக்கில் எழுதப்படும் வாய்ப்பு இங்கே பிறக்கிறது. புயல் சென்னையைத் தாக்கியது டிசம்பர் 3, 4 தேதிகளில். கசிவு நிகழ்ந்தது 26ஆம் தேதி, கப்பலிலிருந்து அம்மோனியாவை இறக்கக் குழாயைக் குளிர்வித்துக்கொண்டிருந்த வேளையில். இடையில் மூன்று வாரங்கள் இருந்தன. அந்த நாள்களில் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெயை மீனவர்கள் வாளிகளால் அள்ளிக்கொண்டிருந்தனர். கடலடிக் குழாயைச் சோதித்துப் பார்க்க வேண்டியவர்கள் அந்த மூன்று வாரங்களில் என்ன செய்தார்கள் என்ற கேள்வியைப் புயலிடம் கேட்க முடியாது.