உங்களுக்குத் தெரியுமா? வீட்டுக் கச்சேரியைப் பதியும்போது…

மைக்கை இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைத்தால், வாத்தியத்திலிருந்து நேராக வரும் ஒலி 6 டெசிபல் குறையும். அறைச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியோ அவ்வளவாகக் குறையாது. ஹாலின் மறுகோடியில் ஸ்டாண்டில் நிற்கும் போனில் வீணை கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது இதனால்தான். படம் எடுக்கும் போன் எட்டடி தள்ளியே இருக்கட்டும். இன்னொரு போனையோ சிறிய ரெக்கார்டரையோ வீணையின் குடத்துக்கு ஒன்றரை அடி முன்னால், படத்தில் விழாதபடி வையுங்கள்.

இரண்டு பதிவையும் எப்படிச் சேர்ப்பது? ஆரம்பத்தில் ஒருமுறை பலமாகக் கை தட்டினால் போதும். சினிமாவில் கிளாப் அடிப்பதும் இதற்குத்தான்.

சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியை அடக்குவது எப்படி? 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு விரிவுரை அரங்கில் பேசியது எதுவும் புரியவில்லை. ஒரு ஒலி அடங்க ஐந்தரை விநாடி ஆனது. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர் பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகச் சுமந்துவந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவார்! அரங்க ஒலியியல் என்ற துறையே அங்கிருந்துதான் வளர்ந்தது. டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவருமான நம் ஹாலுக்கும் அதே வைத்தியம்தான்: மெத்தை, அதன்மேல் ஜமக்காளம், எதிர்ச்சுவரில் கனத்த போர்வை.

போனிலும் வீடியோ அழைப்புகளிலும் உள்ள இரைச்சல் நீக்கும் வசதி, மாறாமல் ஒலிப்பதையெல்லாம் ஃபேன் சத்தம் என்று எண்ணிவிடும். அதற்குத் தம்பூராவும் இரைச்சல்தான். ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியும் இசைக்கு ஆகாது. பாடுபவர் மூச்சுவிடும் இடத்தில் சுருதி திடீரென்று பெருகும். இரண்டையும் நிறுத்திவிட்டே பதியுங்கள்.

மிருதங்கத்துக்கு அளவு பார்க்கும்போது சுருதி சேர்க்கும் தட்டலை நம்பாதீர்கள். நான் நம்பினேன். தனி ஆவர்த்தனத்தில் விழுந்த ஒவ்வொரு சாப்பும் சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கரகரத்துப் போனது. அலையின் உச்சி வெட்டுப்பட்டால் எந்த மென்பொருளாலும் அதை முழுதாக மீட்க முடியாது. பலத்த சாப்பை வாசிக்கச் சொல்லி, அது மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி அளவை வையுங்கள்.

இசைத்தட்டான சி.டி.க்கு விநாடிக்கு 44,100 மாதிரிகள்; வீடியோவுக்கு 48,000. ரெக்கார்டரில் முதலிலேயே 48-ஐத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வாசிப்பதற்கு முன் வெறும் அறையைப் பத்து விநாடி பதிந்து, ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்திய பிறகும் ஏதோ கேட்டது. சுவர்க் கடிகாரம்! அதைக் கழற்றி அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்த பிறகே மகள் மீட்ட ஆரம்பித்தாள்.