'நீ மட்டும் யோக்கியமா?' – உங்களுக்குத் தெரியுமா?

வாதத்தில் பொய் சொல்கிறவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். சொல்வதெல்லாம் உண்மையாக இருந்து, கேட்ட கேள்விக்கு மட்டும் அது பதிலாக இல்லாதபோதுதான் நாம் வாயடைத்துப் போகிறோம். டீக்கடையிலும் டிவியிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் தினமும் நடமாடும் அப்படிச் சில போலி வாதங்கள் இங்கே.

★ ஞாயிற்றுக்கிழமை, அப்பா சமையல். "அப்பா, இன்னிக்கு சாம்பார்ல உப்பு ஒரு கல்லு கூடப் போச்சு" என்கிறாள் மகள். "அப்போ நான் சமைக்கிறதே தப்புங்கிற. சரிம்மா, இனிமே ஹோட்டல்லயே வாங்கிக்கலாம்" என்கிறார் அப்பா. ஒரே மூச்சில் இரண்டு போலிகள். அவள் சொன்னது இன்றைய சாம்பாரை. அவர் அதைத் தன் மொத்தச் சமையலாக ஊதிப் பெருக்கி, அந்தப் பெருக்கத்துக்குப் பதில் சொல்கிறார். அடுத்து, வாயை மூடிக்கொண்டு சாப்பிடு, இல்லையென்றால் ஹோட்டல் என இரண்டே வழிதான் இருப்பதுபோலக் காட்டுகிறார். நாளைக்கு உப்பைக் கொஞ்சம் குறைத்துப் போடலாம் என்ற மூன்றாவது வழி பேச்சிலிருந்தே காணாமல் போயிற்று.

★ "நீ மட்டும் யோக்கியமா?" என்று கேட்டவர் அந்த நிமிடமே தோற்றவர். சொல்வது கௌதமர் பெயரால் வழங்கும் நியாய சூத்திரம். விவாதத்தில் ஒருவர் தோற்றுவிட்டார் என்று அறிவிக்க 22 காரணங்களை அது அடுக்குகிறது. 'நிக்ரகஸ்தானம்' என்று அவற்றுக்குப் பெயர். அவற்றில் ஒன்று, தன்மேல் வைத்த குற்றச்சாட்டை மறுக்காமல், "அதே குற்றம் உன் பக்கமும் இருக்கிறதே" என்பது. ஏன் இது தோல்வி? மறுக்காமல் திருப்பி விட்டதாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று. "உங்க ஆட்சியில நடக்கலையா?" என்ற வரியை வைத்தே ஒரு மணி நேரத்தை ஓட்டும் நம் டிவி விவாதங்களில் கௌதமர் நெறியாளராக உட்கார்ந்தால், முதல் விளம்பர இடைவேளைக்குள் நாற்காலிகள் காலி.

அதே நூல் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைத் தேடிப் பேசுவது வாதம். எப்படியாவது ஜெயிக்கப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு கட்சியும் இல்லாமல், எதிராளி சொல்வதை உடைப்பதற்காகவே பேசுவது விதண்டை. மூன்றாவதற்கு நம் ஊரில் ஆள் பஞ்சம் வந்ததே இல்லை.

★ மணிமேகலை என்றால் அமுதசுரபி நினைவுக்கு வரும். அந்தக் காப்பியத்தின் 30 காதைகளில் 29-ஆவது, கிட்டத்தட்ட முழுக்க முழுக்க ஒரு தருக்க வகுப்பு என்பது பலருக்குத் தெரியாது. காஞ்சியில் அறவண அடிகள் ஆசிரியர், மணிமேகலை மாணவி. வாதத்துக்கு மூன்று உறுப்புகள்: நிலைநாட்ட வேண்டிய பக்கம், அதற்கான காரணமாகிய ஏது, எடுத்துக்காட்டு. மூன்றிலும் போலிகள் நுழையும். பக்கத்தில் 9, ஏதுவில் 14, எடுத்துக்காட்டில் 10, ஆக 33. தன் வாயாலேயே தன்னை வெட்டிக்கொள்ளும் பேச்சுக்கு அடிகள் தரும் உதாரணம், ஒரு மகன் தன் தாயை மலடி என்று சொல்வது. "எனக்கு யாரைப் பற்றியும் புறம் பேசவே பிடிக்காது, நம்ம பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இல்லை" என்று தொடங்குபவர்களை இந்த வரிசையில் தாராளமாகச் சேர்க்கலாம். சிறை, பசி, மறுபிறப்பு என்று ஓடிய கதையை நிறுத்திவைத்துவிட்டு ஒரு கவிஞர் இத்தனை போலிகளைச் செய்யுளில் எண்ணியிருக்கிறார் என்றால், அந்தக் காலத்து வாத மேடைகளில் என்ன அனல் பறந்திருக்கும்!

★ "நம்ம முன்னோர்கள் ஒண்ணும் முட்டாள்கள் இல்லை." இந்த வாதத்துக்கு 1824-இலேயே பதில் வந்துவிட்டது. ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தாம், நாடாளுமன்றத்தில் புழங்கிய போலி வாதங்களைத் தொகுத்து எழுதியவை அந்த ஆண்டு நூலாக வெளிவந்தன. முன்னோரின் ஞானம் என்ற வாதம் அதில் தனியாகவே அலசப்படுகிறது. ஒரு மனிதருக்கு வயது ஏற ஏற அனுபவம் கூடும், சரி. ஆனால் உலகத்துக்கு வயது ஏறி நிற்பது இன்றுதான். பழங்காலம் என்பது அதன் சிறுபிள்ளைப் பருவம். கல்லணையை நாம் வியப்பது அது தண்ணீரைத் தாங்கி நிற்பதால். பழையது என்பது மட்டுமே தகுதி என்றால், அன்றைக்குப் பிரசவத்தில் தாய்மார் இறந்துபோனதையும் அதே கணக்கில்தான் எழுத வேண்டியிருக்கும்.

★ ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். பழமொழி சரி, நாம் அதைப் பொருத்துகிற இடம்தான் தப்பு. பானைக்குள் ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு; கிண்டியும் விட்டிருக்கிறோம். அதனால்தான் ஒரு பருக்கை மொத்தத்துக்கும் சாட்சி சொல்கிறது. "அந்த ஊர்க்காரன் ஒருத்தன் என்னை ஏமாத்தினான், அந்த ஊரே அப்படித்தான்" என்கிறபோது, ஊர் அப்படிக் கிண்டிவிட்ட பானை இல்லை.

பருக்கைகளை அள்ளிக் குவித்தாலும் தப்பு நேரும். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ஆல்ஃப்ரெட் லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட், அதுவும் 48 மாநிலங்களில் 46-இல். டெலிபோன் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் முகவரி எடுத்தார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் அவை இரண்டுமே வசதிக்காரர்களின் பட்டியல். போதாக்குறைக்கு, சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்பும் அளவுக்கு ஆர்வமாக இருந்தவர்களும் ஒரு பக்கம் சாய்ந்தவர்கள். அதைவிட மிகச் சிறிய கணக்கெடுப்பை வைத்துக்கொண்டு ஜார்ஜ் காலப் சரியான பெயரைச் சொன்னார்.

★ "படிப்பைப் பாதியில விட்டவன்தான் கோடீஸ்வரன் ஆனான்." படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கோடீஸ்வரர் ஆகாதவரை எந்தப் பத்திரிகையும் பேட்டி எடுப்பதில்லை. பிழைத்து வந்தவர்களை மட்டுமே எண்ணும் இந்தத் தப்புக்கு உலகம் சொல்லும் உதாரணம் ஆபிரகாம் வால்ட். இரண்டாம் உலகப் போரில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகப் புள்ளியியல் குழுவில் வேலை பார்த்த கணித மேதை. சண்டையிலிருந்து திரும்பிய குண்டுவீச்சு விமானங்களில் எங்கெங்கே ஓட்டை என்று கணக்கு இருந்தது. ஓட்டை அதிகமுள்ள இடத்தில் கவசம் போடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். வால்ட் கணக்கில் எடுத்துக்கொண்டது திரும்பி வராத விமானங்களையும். வந்தவற்றின் இன்ஜினில் ஓட்டை குறைவென்றால், இன்ஜினில் அடிபட்டவை வந்து சேரவில்லை என்று பொருள். கவசம் போக வேண்டியது அங்கே.

விமானங்களின் உயிரைக் கணக்கிட்ட அந்த மனிதர் 1950 டிசம்பரில் இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவாற்ற வந்திருந்தபோது, மனைவியோடு விமான விபத்தில் இறந்தார். விமானம் விழுந்த இடம் நம் நீலகிரி மலை.

★ "மூணும் பொண்ணு. நாலாவது பையன்தான், பாருங்க." 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் இதே நம்பிக்கை பலரின் பணத்தைக் கரைத்தது. ரூலட் சக்கரத்தில் பந்து தொடர்ந்து 26 தடவை கறுப்பிலேயே விழுந்தது. இனி சிவப்பு வந்தே தீரும் என்று ஒவ்வொரு சுற்றிலும் பணத்தைக் கொட்டினார்கள். முந்தின சுற்றில் என்ன விழுந்தது என்பது சக்கரத்துக்குத் தெரியாது. கருவுக்கும் தெரியாது.

★ தெரியாத எண்ணிலிருந்து ஷேர் டிப்ஸ் வருகிறது. பத்து வாரமும் சொன்னது சொன்னபடி நடக்கிறது. பதினோராவது வாரம் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? கணக்கைப் பாருங்கள். முதல் வாரம் 1,024 பேருக்குச் செய்தி போகிறது: பாதிப் பேருக்கு 'ஏறும்', மீதிப் பேருக்கு 'இறங்கும்'. எது நடந்தாலும் 512 பேருக்குச் சொன்னது பலிக்கும். அடுத்த வாரம் அந்த 512 பேருக்கு மட்டும் அதே வித்தை. பிறகு 256, 128, 64... பத்தாவது வாரம் முடியும்போது, ஒரு தடவைகூடத் தப்பாத ஜோசியரைக் கண்டுவிட்டதாக நம்பும் ஒரே ஒருவர் மிச்சம். அவரிடம் சொல்லப்பட்டது எதுவுமே பொய்யாகவில்லை. மற்ற 1,023 பேர் அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

★ "300 அடி போட்டாச்சு. இன்னும் ஒரு 100 அடி போட்டுப் பார்த்துடலாங்க." போர்வெல் வண்டி இரைச்சலுக்கு நடுவே இந்த வரி காதில் விழாத கிராமம் உண்டா? துளையிலிருந்து காய்ந்த பாறைத் தூள்தான் பறக்கிறது. ஆழம் போகப் போக அடிக்கு ரேட்டும் ஏறுகிறது. இன்னும் 100 அடியில் தண்ணீர் வரும் என்று நினைக்கக் காரணம் இருந்தால் போடலாம். பக்கத்துத் தோட்டத்தில் 380-இல் கிடைத்தது என்றால் அது ஒரு காரணம். ஏற்கெனவே 300 அடிக்குப் பணம் போய்விட்டது என்பது காரணமே இல்லை. நிறுத்தினாலும் அந்தப் பணம் திரும்பாது. இந்தப் போலிக்கு ஆங்கிலத்தில் கான்கார்ட் விமானத்தின் பெயரும் உண்டு. பிரிட்டனும் பிரான்ஸும் 1962-இல் ஒப்பந்தம் போட்டு, லாபம் வராது என்று தெரிந்த பிறகும் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தன. கடைசியில் பயணிகள் சேவைக்கு வந்தவை 14 விமானங்கள்.

★ இரண்டு நோபல் பரிசுகளையும் யாரோடும் பங்கிடாமல் வாங்கிய ஒரே மனிதர் லைனஸ் பாலிங். வேதியியலுக்கு 1954, அமைதிக்கு 1962. அவர் 1970-இல் ஒரு புத்தகம் எழுதி, நிறைய வைட்டமின் சி சாப்பிட்டால் ஜலதோஷம் அண்டாது என்றார். உலகமே மாத்திரை வாங்கியது. பிறகு நடந்த பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், சாதாரண மனிதர்களுக்கு ஜலதோஷம் வருவதை அது தடுக்கவில்லை. வந்தால் கொஞ்சம் சீக்கிரம் விடுகிறது, அவ்வளவே. வேதிப் பிணைப்பைப் பற்றி அவர் சொன்னால் கேட்க வேண்டியதுதான். மூக்கொழுகலுக்கு?

★ "மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது." தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தல் போட்டு விதைக்காக வளர்க்கிறார்கள். அதிலுள்ள கால்சிசின், அளவோடு கொடுத்தால் கவுட் எனும் மூட்டு நோய்க்கு மருந்து; அளவு மீறினால் ஆளைக் கொல்லும் நஞ்சு. அசல் இயற்கை, கலப்படமே கிடையாது.

★ காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் விலை பெரிது. 1998-இல் 'லான்செட்' இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் கூட்டாளிகளும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை, எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போடப் பார்த்தது. ஊசி போடுவது ஒரு வயதை ஒட்டி. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படத் தொடங்குவதும் அதையடுத்த மாதங்களில். ஊசி போடாவிட்டாலும் அவை அப்போதுதான் தெரியவந்திருக்கும். 2010-இல் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளிவந்த ஆய்வில் ஒரு தொடர்பும் தென்படவில்லை. ஆனால் 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடத் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்திகள் ஊசியைவிட வேகமாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன.

★ இத்தனையும் தெரிந்துகொண்டவர்களுக்கென்றே ஒரு போலி காத்திருக்கிறது. "நீ சொன்ன காரணம் தப்பு, அதனால் நீ சொன்ன விஷயமும் தப்பு" என்பது. சதுப்பு நிலத்துப் பக்கம் குடியிருக்காதே, அங்கிருந்து கிளம்பும் கெட்ட காற்று காய்ச்சலைக் கொடுக்கும் என்று ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் ஒரு அனாஃபிலிஸ் கொசுவை அறுத்து, அதன் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். காற்றின்மேல் போட்ட பழி பொய் என்றாயிற்று. கொசு முட்டையிட்டது என்னவோ அந்தச் சதுப்பில்தான்.