ஒரு நாள் குஞ்சின் சிறுநீரகம்

கோழியின் ஈரலையும் இரைப்பையையும் தனியே எடுத்துவைத்து, யாருக்கு எது என்று பங்கிட்டுக் கொடுக்கும் நம் சமையற்கட்டில், அதே கோழியின் சிறுநீரகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். ஆட்டின் குண்டிக்காயைப்போல் அவரைவிதை வடிவில் ஓர் அவயவத்தைத் தேடுகிறவர்களுக்கு, முதுகெலும்பின் அடியில், இடுப்பெலும்பின் குழிகளுக்குள் அப்பிக்கிடந்து, விரலால் தோண்டினால் பிய்ந்து சிதறும் அந்தக் கருஞ்சிவப்புத் திசுதான் சிறுநீரகம் என்று தெரிய நியாயமில்லை.

இந்த உறுப்பை நுணுகி ஆராயும் இடங்களும் உண்டு. கொல்கத்தாவின் வடபகுதியில் பெல்காச்சியா என்னும் இடத்தில், 1893-இல் நிறுவப்பட்ட வங்காளக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் பரம்பரையில் வந்து, 1995 முதல் கால்நடை, மீன்வள அறிவியல்களுக்குரிய மாநிலப் பல்கலைக்கழகமாக விளங்கும் ஸ்தாபனம் இருக்கிறது. இதுபோன்ற கல்விச்சாலைகளில் உடற்கூறு பயில்கிறவர்கள் அன்றைக்குப் பொரித்த குஞ்சையும் பரிசோதிப்பதுண்டு. இத்தனை சிறிய பிராணியின் இத்தனை சிறிய உறுப்பில் ஆராய என்ன இருக்கிறது என்ற சந்தேகம் சாமானியருக்கு எழுவது சகஜமே.

குஞ்சின் வயிற்றைத் திறந்தவுடன் கண்ணில் படுவது சிறுநீரகம் அன்று; பொரிப்பதற்குச் சற்று முன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சட்கருவின் மிச்சம், ஒரு சிறு பையாக முன்னே நிற்கும். அதையும் ஈரலையும் குடலையும் ஒதுக்கிய பிறகே, முதுகெலும்பின் இரு மருங்கிலும், நுரையீரலின் பின்விளிம்பு தொடங்கி இடுப்பெலும்பின் கடைசிவரை நீண்ட இரண்டு சிறுநீரகங்களும் தென்படும். ஒவ்வொன்றும் முன், நடு, பின் என்று மூன்று பகுதிகளாக அமைந்தது. முன்பகுதியின் ஓரத்தில் சேவற்குஞ்சானால் இரண்டு விரைகளும், பெட்டைக்குஞ்சானால் இடப்புறத்தில் வளர்ச்சி பெறும் ஒற்றைச் சூலகமும் காணலாம். காலுக்குச் செல்லும் பெரிய நரம்பு சிறுநீரகத்தை ஊடுருவியே செல்கிறது. சிறுநீரகத்தில் கட்டி வளர்ந்த பறவை நொண்டுவதன் காரணம் இதுவே. மூத்திரப்பை என்பது கோழிக்குக் கிடையாது. சிறுநீரகக் குழாய் நேரே எச்சத்துவாரத்தின் உள்ளறையில் சென்று முடிய, அங்கிருந்து குடலுக்குள் திரும்பிச் செல்லும் சிறுநீரிலிருந்து எஞ்சிய நீரும் உறிஞ்சப்பட்டு, யூரிக் அமிலமே எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்து வெளிவருகிறது.

ஓட்டுக்குள் இருபத்தொரு நாள் வாசம் செய்யும் கருவுக்குக் கழிவை வெளியே தள்ள வழியில்லை. யூரியா நீரில் கரைந்து கருவுக்கே நஞ்சாகும். யூரிக் அமிலமோ எளிதில் கரையாமல் ஒரு பையில் ஒதுங்கிக் கிடந்து, குஞ்சு வெளிவரும்போது ஓட்டோடு கழிந்துவிடும். இந்தக் காலத்தில் கரு ஒரே சிறுநீரகத்தோடு நிற்பதுமில்லை. முதலில் தோன்றுவது வேலை செய்யாமலே மறைய, இரண்டாவது, 1759-இல் கோழிக்கருவின் வளர்ச்சியையும் ஆராய்ந்த தம் பிரசித்தமான நூலை வெளியிட்ட வொல்ஃப் என்னும் அறிஞரின் பெயரைத் தாங்கியது, கருவின் வாழ்நாளில் பெரும்பகுதிக்கு உழைத்துப் பொரிக்கும் தறுவாயில் தேய்கிறது, மூன்றாவதே நிரந்தரமானது. அதுவும் பொரித்த அன்றைக்குப் பூரணமடைந்துவிடுவதில்லை. நெப்ரான்கள் என்னும் நுண்ணிய வடிகட்டும் குழாய்கள் அதன்பின்னும் புதிதாக உருவாகிக்கொண்டிருக்கின்றன. ஆகவே ஒரு நாள் குஞ்சின் சிறுநீரகத்தை நுண்ணோக்கியில் பார்ப்பவர், இன்னும் கட்டி முடியாத உறுப்பையே காண்கிறார்.

கோழியின் இனத்துக்கு இனம் இந்த உறுப்பில் வேற்றுமை எங்கே வருகிறது? ஹரிங்காட்டாக் கறுப்புக் கோழியானாலும், ஒயிட் லெகார்னானாலும், அசீலானாலும், பிராய்லரானாலும், உறுப்பின் அமைப்பு ஒன்றே. பெரிய முட்டையிலிருந்து பெரிய குஞ்சு வருவதால் சிறுநீரகத்தின் எடையும் கூடும். அதனால் எடையைத் தனியாகச் சொல்வதில் பயனில்லை, உடல் எடையில் அது எத்தனை பங்கு என்று கணக்கிட்டால்தான் ஒப்பீடு செல்லும். ஜாபுவா பகுதியின் கடக்நாத் கோழிக்கு உள்ளுறுப்புகளிலும் கருநிறம் ஊறியிருப்பதால், நிறத்தைக்கொண்டே நோய் என்று தீர்மானிக்கும் மருத்துவர் ஏமாறக்கூடும். ஆனால் வெளித்தோற்றத்தைவிடச் செயலில் உள்ள வேற்றுமையே முக்கியமானது என்பது என் அபிப்பிராயம். யூரிக் அமிலத்தை இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் திறமை பரம்பரையாகக் குன்றிய கோழிகளை ஆராய்ந்து, கீல்வாதத்துக்கு அதுவே காரணம் என்று ஆஸ்டிக், கோல் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1972-இல் எழுதினார்கள். ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும்படி வளர்க்கப்படும் பிராய்லர், இந்த முற்றுப்பெறாத உறுப்பின்மேல் எத்தனை பாரத்தைச் சுமத்துகிறது என்பதை வாசகர்களே யோசிக்கலாம்.

சிறுநீரகம் தோற்றால் யூரிக் அமிலம் இருதயத்தின் உறையிலும் ஈரலின் மேலும் வெண்பொடியாகப் படியும். நம் நாட்டுப் பண்ணைகளில் இளங்குஞ்சுகளை இப்படி மடியச் செய்யும் காரணங்களில் ஆஸ்ட்ரோ வைரசும் ஒன்று. பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததும் இதே விதமாகத்தான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து சடலத்தின் வழியே அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்ததைக் கண்டபின், 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. பண்ணைக் குஞ்சுக்கோ வைரசும் மருந்தும் வேண்டியதில்லை. தாகம் ஒன்றே போதும்.

மஞ்சட்கருவின் மிச்சம் இரண்டு மூன்று நாள் பசி தாங்கும் என்ற தைரியத்தில்தான் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்துத் தூரதேசங்களுக்கு அனுப்புகிறார்கள். கோடையின் உஷ்ணத்தில் அந்த மிச்சம் தாகத்துக்கு ஈடாகாது. வங்காளத்தில் சுயஉதவிக் குழுவின் மூலம் குஞ்சு பெறும் பெண்ணும், நாமக்கல்லில் ஆயிரக்கணக்கில் இறக்கும் பண்ணையாரும் பெட்டியைத் திறந்தவுடன் தீவனத்துக்கு முன் சுத்தமான தண்ணீரை வைக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த முட்டைக்கோழித் தீவனத்தையும் உப்பு மிகுந்த எச்சில் சோற்றையும் குஞ்சுகளுக்கு அறவே போடாதிருக்க வேண்டும்.