முகாமையாளருக்குப் பிள்ளை பிறந்தால்

கடைக் கணக்கைக் கையில் வைத்திருந்த பெண் முகாமையாளர் பிள்ளைப்பேற்றுக்குப் பின் விலகிவிட்டார் என்று வருந்தும் முதலாளிமார் பலர். பிழை எங்கே?

கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி பிரசவ விடுமுறை 84 நாட்கள், முழுச் சம்பளத்துடன். வார விடுமுறை, போயா நாட்கள் இதில் சேரா. ஆகவே மூன்று மாதத்தைத் தாண்டும். முன்பு மூன்றாம் பிள்ளைக்கு 42 நாட்களே. 2018இல் வந்த திருத்தம் அந்த வேற்றுமையை நீக்கியது.

சட்டம் அவ்வளவுதான். சிக்கல் அவர் திரும்பி வந்த பிறகே. நான் இரவு ஏழு மணிக்கே கணக்குப் பார்ப்பேன். அதுவரை பிள்ளை உம்மும்மாவிடம். ஆறு மாதத்தில் அவர் விலகினார். கடன் தவணைகளெல்லாம் அவர் மனக்கணக்கில் இருந்தவை! புதியவர் பழக ஒரு வருடம் சென்றது.

இப்போது கணக்குப் பார்ப்பது பிற்பகல் மூன்று மணிக்கு. மாலை விற்பனை மறுநாள் காலையில் சேரும்.