மனித உடல் வெப்பநிலைச் சீராக்கம்

மனித உடல் வெப்பநிலைச் சீராக்கம் என்பது, சுற்றுப்புற வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் உடலின் உள் வெப்பநிலையை ஏறத்தாழ 37 பாகை செல்சியசு அளவில் பேணும் உடலியங்கியல் செயற்பாடு ஆகும். நொதிகளும் நரம்பு மண்டலமும் இவ்வளவையொட்டிய குறுகிய எல்லைக்குள்ளேயே செம்மையாக இயங்கும்.

கட்டுப்பாட்டு மையம்

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஐப்போத்தலாமசு இதன் கட்டுப்பாட்டு மையமாகும். தோலிலும் உடலினுள்ளும் உள்ள வெப்ப உணர்விகள் அனுப்பும் தகவலைக் கொண்டு, விலகல் ஏற்படின் அதனைத் திருத்தும் செயல்களை இது தூண்டுகிறது. பொறியியலில் இம்முறை எதிர்ப் பின்னூட்டம் எனப்படும். வெப்ப உணர்விகளுள் ஒன்றான டிஆர்பிவி1 என்னும் புரதத்தை மிளகாயின் காரப்பொருளும் தூண்டுவதால், காரமான உணவை உண்ணும்போது வியர்க்கிறது. இப்புரதத்தைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசு, 2021 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை ஆர்டெம் பட்டாபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார்.

குளிரில்

குளிரின்போது தோலின் குருதிக்குழாய்கள் சுருங்கி வெப்ப இழப்பைக் குறைக்கின்றன. தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. கைக்குழந்தைகளில் பழுப்புக் கொழுப்பு இப்பணியைச் செய்கிறது.

வெப்பத்தில்

ஓய்வாக இருப்பவரின் உடல் ஏறத்தாழ 100 வாட்டு வெப்பத்தை வெளிவிடுகிறது. கடத்தல், வெப்பச்சலனம், கதிர்வீச்சு, ஆவியாதல் என்பன வெப்பம் வெளியேறும் நான்கு வழிகள். வெப்பம் கூடும்போது தோலின் குருதிக்குழாய்கள் விரிந்து, உள் வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவருகின்றன. ஆனால் சுற்றுப்புறம் தோலைவிட (ஏறத்தாழ 35 பாகை) வெப்பமாக இருந்தால் முதல் மூன்று வழிகளும் உடலுக்கு வெப்பத்தையே சேர்க்கும். வியர்வை ஆவியாதல் மட்டுமே எஞ்சும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோ ஜூல் வெப்பம் நீங்கும். ஆவியாகாமல் சொட்டும் வியர்வையால் பயனில்லை. ஆகவே காற்றின் ஈரப்பதமும் வெப்பநிலையைப் போன்றே முக்கியமானது.

எடுத்துக்காட்டு: அரிசி ஆலைகள்

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, கொள்ளிடத்திற்கு அப்பால் உள்ள மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளுக்கும் பொன்னி அரிசிக்கும் பெயர்பெற்றது. இவ்வட்டாரத்தில் கத்திரி வெயிலின்போது வெப்பநிலை 40 பாகையைத் தாண்டுவதுண்டு. புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறவைத்து நீராவியில் அவிப்பதால், அவிக்கும் இடத்தில் வெப்பத்துடன் ஈரப்பதமும் கூடுகிறது. மூட்டை தூக்குதல் போன்ற கடின உழைப்பில் உடல் 400 வாட்டு வெப்பத்தை உண்டாக்குவதாகக் கொண்டால், அதை நீக்க மட்டுமே மணிக்கு 0.6 லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியாக வேண்டும். நீராவி சூழ்ந்த இடத்தில் இது கடினம்.

வெப்பத்திற்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். பழகிய உடல் விரைவாகவும் மிகுதியாகவும் வியர்க்கும். வியர்வையில் உப்பும் குறையும். எனவே புதிதாக வேலைக்குச் சேர்ந்தோருக்கு முதல் சில நாட்களில் இடர் மிகுதி.

வெப்பத் தாக்கு

உள் வெப்பநிலை 40 பாகையைக் கடந்து, மனக்குழப்பமோ வலிப்போ மயக்கமோ ஏற்படுவது வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) எனப்படும். இது காய்ச்சலிலிருந்து வேறுபட்டது. காய்ச்சலில் ஐப்போத்தலாமசே இலக்கு வெப்பநிலையை உயர்த்துகிறது. வெப்பத் தாக்கில் இலக்கு மாறாதிருக்க, குளிர்விக்கும் திறன் தோற்றுவிடுகிறது. எனவே பாராசிட்டமால் இதற்குப் பயன்படாது. 108 அவசர ஊர்தியை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல், பாதிக்கப்பட்டவரை நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடையைத் தளர்த்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதுவும் தரக்கூடாது.

தமிழ்நாடு அரசு 2024 ஆம் ஆண்டு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.