கருவுற்ற தாயின் முதுகுவலி

கருவுற்ற தாய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்போது, "எல்லாருக்கும் வருவதுதானே" என்று வீட்டார் சொல்லிவிடுவது எளிது. நோவைச் சுமப்பவள் அவளன்றோ! அக்காலத்தில் சுரக்கும் இயக்குநீர்கள் இடுப்பு மூட்டுகளின் நார்களைத் தளர்த்துகின்றன. வயிறு முன்தள்ள, முதுகின் சுமை கூடுகிறது.

ஆதலால் தாய்மார் நெடுநேரம் நிற்பதையும் குனிந்து பளு தூக்குவதையும் தவிர்த்தல் நலம். முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுத்தல் வேண்டும். மருத்துவர் தடுக்காவிடில், நாள்தோறும் மெல்ல நடப்பது நன்று. வலி மாத்திரைகளைத் தாமாக விழுங்கலாகாது. 20 வாரங்களுக்குப் பின் இபுப்ரோஃபன் போன்றவை சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

37 வாரங்கள் நிறையுமுன் வலி விட்டுவிட்டு வந்தாலும், காய்ச்சல், நீர்க்கடுப்பு, உதிரப்போக்கு கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கணவன்மாரே, தண்ணீர்க் குடத்தை இனி நீங்கள் தூக்குங்கள். மாமியார்களே, மருமகள் சற்றுச் சாய்ந்திருந்தால் அதைச் சோம்பல் என்னாதீர்கள்.