வாகனக் காப்புறுதி யாருக்காக?

வருடத்தில் ஒரு நாள் பிரதேச செயலகத்தின் மோட்டார் வாகனப் பகுதிக்கு முன்னால் வரிசையில் நின்ற அனுபவம் உங்களுட் பலருக்கு இருக்கும். கையில் ஓர் உறை. அந்த உறைக்குள்ளே பழைய வருமான உத்தரவுப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், புகைப் பரிசோதனைச் சான்றிதழ். லொறி, பஸ் முதலியவையாயின் வாகனத் தகுதிச் சான்றிதழும் வேண்டும். இலிகிதர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறார். காப்புறுதியின் திகதி கடந்திருந்தால் உறையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அவ்வாறு திரும்பி வருகின்றவர் படியிறங்கும்போது சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். "லைசென்ஸ் எடுக்க வந்தவனிடம் இன்சூரன்ஸை ஏன் கேட்கிறார்கள்? லைசென்ஸ் காசு அரசாங்கத்துக்கு. இன்சூரன்ஸ் காசு கொம்பனிக்கு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

இது தட்டிக்கழிக்கத் தகாத கேள்வி. இதற்குரிய விடையை அறியாமையினாலேயே நம்மிற் பலர் காப்புறுதியை மற்றொரு வரியாக எண்ணி வெறுக்கின்றோம். ஆகவே அந்த விடையை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் இரு சொற்களைப் பிரித்தறிந்துகொள்ள வேண்டும். ஒரு வாகனத்தைப் பதிவு செய்தல் என்பது வேறு; அதற்கு வருடாந்த உத்தரவு பெறுதல் என்பது வேறு. நமது நாட்டிலே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வாகனத்தை ஒரு முறை பதிவு செய்து, இலக்கத்தையும் பதிவுச் சான்றிதழையும் வழங்குகிறது. வாகனம் கைமாறும்போது சொந்தக்காரரின் பெயர் மாற்றப்படும். வருமான உத்தரவுப்பத்திரமோ வருடந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. அதனால் வருகின்ற பணம் இன்று மாகாண சபைகளின் வருமானங்களுள் ஒன்றாகும். 'வருமான உத்தரவு' என்னும் பெயரும் அதனை ஒட்டியதே. வேறு சில நாடுகளிலே பதிவையே வருடந்தோறும் புதுப்பிக்கின்றனர். பெயர் எதுவாயினும், வருடத்துக்கு ஒரு முறை வாகனச் சொந்தக்காரர் அரசாங்கத்தின் முன் வந்தே ஆகவேண்டும். அந்த ஒரு சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தியே காப்புறுதி கேட்கப்படுகிறது.

ஏன் கேட்கப்படுகிறது என்பதற்கு ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொள்வோம். மேசன் தொழிலாளி ஒருவர் மாலை வேளையில் வேலை முடிந்து கண்டி வீதியின் ஓரமாகச் சைக்கிளில் வீடு திரும்புகிறார். பின்னால் வேகமாக வந்த மோட்டார் சைக்கிள் அவரை மோதிவிடுகிறது. தொடை எலும்பு முறிகிறது. அரசாங்க வைத்தியசாலையிலே சிகிச்சைக்குப் பணம் கேட்கமாட்டார்கள். அது இந்நாட்டு மக்கள் பெற்ற பேறு. ஆனால் ஆறு மாதத்துக்கு அவர் சாரக்கட்டில் ஏற முடியாது. நாட்சம்பளம் நின்றுவிடுகிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும், கடையிலே எழுதி வைத்த கணக்கும் நிற்பதில்லை.

பொலிசார் வழக்குத் தொடர்கிறார்கள். நீதவான் நீதிமன்றத்திலே சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டுகிறார். அதனோடு நியாயம் தீர்ந்துவிட்டதென்று ஊரார் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் அந்தத் தண்டப்பணம் அரசாங்கத்தைச் சேர்வது. மேசனுடைய வீட்டைச் சேர்வதன்று. நீதவான் விரும்பினால் ஒரு தொகையை நட்டஈடாகக் கொடுக்கும்படி கட்டளையிடலாம். எனினும் இழந்த சம்பளம், பட்ட வேதனை, இனி வரக்கூடிய ஊனம் ஆகிய யாவற்றுக்கும் கணக்குக் கேட்பதற்குரிய இடம் மாவட்ட நீதிமன்றமாகும். அங்கே சாரதியின் கவனயீனத்தை நிரூபித்து மேசன் வெற்றி பெறுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். பல இலட்சம் ரூபாவுக்குத் தீர்ப்பு எழுதப்படுகிறது. இனித்தான் உண்மையான வினா எழுகிறது: அந்தப் பணத்தைக் கொடுப்பவர் யார்?

மோதியவரும் நாட்கூலிக்காரராயிருக்கலாம், மோட்டார் சைக்கிளைத் தவிர வேறு சொத்து அவருக்கு இல்லாதிருக்கலாம். இல்லாதவனிடம் நீதிமன்றமும் எதை எடுக்க முடியும்? மேசனின் கையிலே இருப்பது முத்திரை குத்திய ஒரு கடதாசி மாத்திரமே. காப்புறுதி செல்லுபடியாக இருந்திருந்தால் நிலைமை முற்றாக மாறியிருக்கும். காப்புறுதிக் கொம்பனியோடு அந்த மேசன் எவ்வித ஒப்பந்தமும் செய்தவரல்லர்; அதன் பெயரைக்கூட அறியாதவர். எனினும் சாரதிக்கு எதிராக வழங்கப்பட்ட தீர்ப்பின் பணத்தைக் கொம்பனியே அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. மூன்றாந் தரப்புக் காப்புறுதி என்பதன் பொருள் இதுவே. முதலாந் தரப்பினர் காப்புறுதி செய்பவர். இரண்டாந் தரப்பினர் கொம்பனியார். மூன்றாந் தரப்பினர் வீதியிலே போகும் முன்பின் அறியாத மனிதர். வாகனத்துக்கு ஏற்படும் சேதத்தை ஈடுசெய்ய வேண்டுமாயின் முழுமையான காப்புறுதி என்று வேறொன்று உண்டு. அது சொந்தக்காரரின் விருப்பம். சட்டம் கட்டாயப்படுத்துவது அந்த மூன்றாம் மனிதருக்கான காப்புறுதியை மாத்திரமே. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் காப்புறுதியின்றி வீதியில் வாகனம் ஓட்டுபவரை மட்டுமன்றி, அவ்வாறு ஓட்ட இடங்கொடுப்பவரையும் குற்றவாளியாகவே கருதுகிறது. தம்பியிடமோ மருமகனிடமோ சாவியைக் கொடுப்பவர்கள் இதனை மனத்தில் இருத்துதல் நன்று.

வீதியில் மோட்டார் வண்டிகள் பெருகிய நாடுகள் யாவும் இந்த வினாவை எதிர்நோக்கின. அவை கண்ட விடைகள் பலவகைப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலம் 1925இல் ஒரு சட்டத்தை இயற்றி, 1927 சனவரி முதலாந் திகதி தொடக்கம் காப்புறுதியின்றி எந்தக் காரையும் பதிவு செய்ய முடியாதென விதித்தது. பதிவுக்கும் காப்புறுதிக்கும் இட்ட முதல் முடிச்சுக்களுள் ஒன்று அது. ஏனைய மாநிலங்கள் அதனைப் பின்பற்றத் தயங்கின. ஏறத்தாழ 30 வருடங்களின் பின்னர், நியூயோர்க் மாநிலம் 1956இல் சட்டம் இயற்றிய போதே இரண்டாவது மாநிலம் அவ்வழிக்கு வந்தது. நியூசிலாந்து இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1928இல் அந்நாடு இயற்றிய சட்டத்தின்படி, வாகனச் சொந்தக்காரர் வருடாந்த உத்தரவுக் கட்டணத்தோடு சேர்த்தே காப்புறுதிக் கட்டணத்தையும் செலுத்தினார். ஒன்றைக் கட்டி மற்றொன்றைக் கட்டாமல் விடுவதற்கு அங்கே வழியில்லை. 1974 முதல் அந்நாட்டில் விபத்தில் காயப்பட்டவர் எவருடைய பிழையென்று நிரூபிக்க வேண்டியதில்லாமலே பொது நிதியிலிருந்து உதவி பெறுகிறார். அந்நிதிக்கும் வாகன உத்தரவுக் கட்டணத்தோடு சேர்த்து ஒரு பங்கு அறவிடப்படுகிறது.

பிரித்தானியா 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தினால் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. ஆயினும் சட்டத்தை மீறுபவர் எந்நாட்டிலும் உண்டு. காப்புறுதியில்லாத ஒருவரால் காயப்பட்டவர் கதி என்ன என்னும் கேள்வி அங்கும் எழுந்தது. அதற்கு விடையாக 1946இல் காப்புறுதிக் கொம்பனிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பொது அமைப்பை நிறுவின. காப்புறுதியில்லாதவர் விளைத்த தீங்குக்கு அந்த அமைப்பு நட்டஈடு கொடுக்கிறது. அந்தப் பணம் வானத்திலிருந்து வருவதன்று. ஒழுங்காகக் காப்புறுதி செய்தவர்கள் கட்டும் பணத்திலிருந்தே அது வருகிறது. ஒருவர் கட்டாமல் விட்டதை ஊரெல்லாம் பங்கிட்டுச் சுமக்கின்றது என்பதே அதன் கருத்து.

இவ்வளவு முடிச்சுக்கள் இட்டும் காப்புறுதியில்லாத சாரதிகள் மறைந்துவிட்டனரா? இல்லை. ஐக்கிய அமெரிக்காவிலே மிகப் பெரும்பாலான மாநிலங்களிற் காப்புறுதி கட்டாயமாயிருந்தும், 2019இல் எட்டுச் சாரதிகளில் ஒருவர் காப்புறுதியின்றி ஓட்டினார் என்று அந்நாட்டுக் காப்புறுதி ஆய்வாளர் மதிப்பிட்டனர். காரணம் எளியது. உத்தரவுப்பத்திரம் புதுப்பிக்கப்படுவது ஒரு நாளில். வாகனம் ஓடுவதோ வருடம் முழுவதும். புதுப்பிக்கும் அன்று காப்புறுதி இருந்தது என்பதற்கே அந்தப் பத்திரம் சாட்சி. மூன்று மாதத்தின் பின் காப்புறுதி முடிவடைந்து, அதனைப் புதுப்பிக்க மறந்துவிட்டால், முன்கண்ணாடியில் ஒட்டிய உத்தரவுப்பத்திரம் மிகுதி ஒன்பது மாதமும் பழுதில்லாமற் காட்சியளித்துக்கொண்டேயிருக்கும். இந்த இடைவெளியை அடைப்பதற்காகப் பிரித்தானியா 2011இல் புதியதொரு முறையைக் கொண்டுவந்தது. வாகனப் பதிவேட்டையும் காப்புறுதிப் பதிவேட்டையும் கணினியினால் ஒப்பிட்டு, காப்புறுதியில்லாத வாகனத்தின் சொந்தக்காரருக்கு, வாகனம் வீதியில் அகப்படாவிட்டாலும், கடிதம் அனுப்புகிறார்கள். வாகனத்தை ஓட்டுவதில்லையென்று அறிவிக்காதவர் தண்டம் கட்ட நேரும்.

இனி நமது நிலையைப் பார்ப்போம். 2016 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்திலே சில பாரிய வீதிக் குற்றங்களுக்குக் குறைந்தது 25,000 ரூபா தண்டம் விதிக்க முன்மொழியப்பட்டது. காப்புறுதியின்றி ஓட்டுதலும் அவற்றுள் ஒன்று. தனியார் பஸ் உரிமையாளர் அதனை எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்தமை நேயர்களுக்கு நினைவிருக்கலாம். தண்டம் அச்சத்தை உண்டாக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. காப்புறுதியுள்ளவர் விபத்து நேர்ந்ததும் வண்டியை நிறுத்தி, காயப்பட்டவரைத் தூக்கி, கொம்பனிக்குத் தொலைபேசியில் அறிவிக்கத் துணிவார். காப்புறுதியில்லாதவருக்கோ தண்டமும் நட்டஈடும் ஒருங்கே கண்முன் தோன்றும். இருட்டிலே வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடிவிடும் எண்ணம் அவருக்கே வலிமையாக எழும். அடையாளங் காணமுடியாதபடி ஓடிவிட்ட வாகனங்களால் பாதிக்கப்பட்டவருக்கு உதவுவதற்கென வீதிப் பாதுகாப்பு தொடர்பான தேசிய சபையினிடம் ஒரு நிதி இருக்கின்றது. காப்புறுதிக் கட்டணங்களின் சிறு பங்கு அதற்குச் செல்கிறது. அப்படியொரு நிதி இருப்பதை அறியாதவர் பலர்.

நம் ஊர்களிலே இன்னொரு வழக்கமும் உண்டு. வாகனத்தை விற்றவர் கையெழுத்திட்ட படிவத்தைக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் பெயர் மாற்றாமலே ஓட்டுவார். பின்னர் மூன்றாமவருக்கும் விற்றுவிடுவார். பதிவேட்டிலே ஒரு பெயர், காப்புறுதியிலே ஒரு பெயர், வீதியிலே வேறொருவர். விபத்தின் பின் பொலிசார் முதலிற் தேடிச் செல்வது பதிவேட்டிலுள்ள பெயரையே. பெயர் மாற்றத்துக்கு ஆகும் செலவை மிச்சம்பிடித்ததனால் பின்னர் நீதிமன்றப் படியேறும் நிலை இருவருக்கும் ஏற்படலாம். காயப்பட்டவருக்கோ யாரிடம் கேட்பதென்றே தெரியாது போகும்.

ஆகவே நேயர்களே, நான்கு காரியங்களை நினைவிற் கொள்ளுங்கள். முதலாவது, உத்தரவுப்பத்திரத்தின் திகதியையும் காப்புறுதியின் திகதியையும் தனித்தனியே நாட்காட்டியிற் குறித்து வையுங்கள். ஒன்று மற்றொன்றுக்குப் பொறுப்பாகாது. இரண்டாவது, வாகனத்தை வாங்கினாலும் விற்றாலும் திணைக்களத்திற் பெயரை மாற்றி, கொம்பனிக்கும் அறிவியுங்கள். மூன்றாவது, விபத்திற் சிக்கியவரோ அவருடைய உறவினரோ ஆயின், வாகனத்தின் இலக்கத்தோடு காப்புறுதிச் சான்றிதழின் விபரத்தையும் பொலிஸ் நிலையத்திற் கேட்டுப் பெறுங்கள். நான்காவது, காலந் தாழ்த்தாதீர்கள். நட்டஈட்டு வழக்கைச் சம்பவம் நடந்து இரண்டு வருடங்களுக்குள் தொடுத்தல் வேண்டும். வழக்கைப் பற்றிக் காப்புறுதிக் கொம்பனிக்கும் உரிய காலத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அறிவித்தல் கொடாத காரணத்தினால் வென்ற வழக்கின் பணம் கைக்கு வராமற் போகவுங் கூடும். சட்டத்தரணியை முதன்முதற் காணும்போதே இதனைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படியிறங்கி வந்தவர் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறலாம். வீதியைப் பயன்படுத்தும் உரிமையை அரசாங்கம் ஒருவருக்கு வருடந்தோறும் வழங்குகிறது. அதே வீதியிலே பள்ளிக்கூடம் விட்டு நடந்து வரும் பிள்ளையும், சைக்கிளில் வரும் மேசனும், சந்தைக்குக் கடகம் சுமந்து செல்லும் தாயும் செல்கிறார்கள். அவர்களுக்கு ஏதும் தீங்கு நேர்ந்தால் ஈடுசெய்ய வழியிருக்கின்றதா என்று உரிமையை வழங்குமுன் கேட்பது முறையன்றோ? இலிகிதர் உறையைத் திருப்பித் தரும்போது அவர்களுக்காகவே அந்தக் கேள்வியைக் கேட்கிறார். அடுத்த முறை வரிசையில் நிற்கும்போது, அல்லது வீட்டிலிருந்தே இணையத்தின் வழியாகப் புதுப்பிக்கும்போது, காப்புறுதிச் சான்றிதழின் திகதியை ஒரு முறை நீங்களே வாசித்துப் பாருங்கள்.